ஒரே ரப்பரில் அறுபதும் அறுபத்தொன்பதும்

பதிவேடு புதுசாக இருந்தது. முதல் கோளாறே அதுதான்.

புனே பக்கம் ஆகுர்டித் தொழிற்பேட்டைக்குள் இரண்டு மாடிக் கட்டடம். மேல்மாடியில், ரப்பர் சாமான்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு சின்ன லேப். வெளியே மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாகத் தினமும் எழுதிவரும் பதிவேடு என்று சொல்லி என் முன்னால் வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு மடிப்பு இல்லை. விரல் அழுக்கு இல்லை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஸ்டேஷனரிக் கடை வாசனை அப்படியே இருந்தது.

நான் முகர்ந்ததை, மேஜைக்கு எதிரே நின்ற பெண் பார்த்துவிட்டாள். பெயர் சுனந்தா. நாற்பது வயதிருக்கும். அந்த லேபில் பதினோரு வருடமாக டெக்னீஷியன். நீல நிற லேப் கோட்டின் பையில் இரண்டு பேனா. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ஆஹா, மாட்டினாள் என்று நினைத்தேன்.

பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் கையெழுத்துத்தான் இருந்தது.

சந்தேகமே என் சம்பளம்

போன வாரம் ஹெல்மெட் உடைத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், “அம்மா, நீங்கள் யாரையுமே நம்பமாட்டீர்களா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். நம்பினேன் ஐயா, ஒரே ஒரு தடவை. அந்த லட்சணத்தைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக என் பிழைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லேப் பொருளைச் சோதிக்கும். லேபை நான் சோதிப்பேன். “இந்த லேப் கொடுக்கிற சான்றிதழை நம்பலாம்” என்று அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு என்னை அனுப்பும். புனேயில் ஒரு லேப் ‘தரம் சரி’ என்று எழுதினால், கடல் கடந்த ஊரில் அதை இன்னொரு தடவை சோதிக்காமல் சரக்கை இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்காக நாட்டுக்கு நாடு ஒப்பந்தம், மாநாடு, கைகுலுக்கல், போட்டோ எல்லாம் நடக்கிறது. கடைசியில் அத்தனையும், ஒரு டெக்னீஷியன் தன் மேஜையில் உட்கார்ந்து ஒரு எண்ணை ஒழுங்காக எழுதுகிறாளா என்பதில் வந்து நிற்கும்.

எழுதமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் நான் வேலையை ஆரம்பிப்பேன்.

பொய்ப் பதிவேட்டுக்கு நிறைய அடையாளம் உண்டு. ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா. ஒரே சாய்வு. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இருக்காது. டீக்கறை இல்லாத பதிவேட்டை நான் கையால் தொடுவதே வேண்டாவெறுப்பாகத்தான். இந்தப் பக்கத்துப் பேட்டைகளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. அது தெரியாமல் எல்லா வியாழனுக்கும் வெப்பநிலை எழுதிவைத்திருந்த ஒரு மகானுபாவரைக் காலண்டரை வைத்தே பிடித்திருக்கிறேன். அன்று மெயின் ஸ்விட்சே போடவில்லை என்று வாட்ச்மேன் சொன்னான்.

இந்தக் குணம் வீட்டிலும் என்னை விடுவதில்லை. புனேயின் கட்கிப் பகுதியில் எங்கள் குடும்பத்துக்கு இது மூன்றாவது தலைமுறை. பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம். தாத்தா காலத்திலேயே வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வந்துவிட்டார்கள். அப்பாவும் அங்கேதான், இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில். பால்காரனிடம் வாங்கின பாலை அளந்து பார்க்காமல் அடுப்பில் ஏற்றவிடமாட்டார். அந்த ரத்தம்தானே எனக்கும்? கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட நான் முதலில் தேதியையும் கிழமையையும் ஒத்துப்பார்ப்பேன். “உன்கிட்ட ஐ லவ் யூன்னு சொன்னாக்கூட சாட்சி கேப்பே” என்பார் என் வீட்டுக்காரர். அவர் அப்படிச் சொன்னதே இல்லை என்பது வேறு விஷயம்.

வேலைக்குப் போகிற இடத்தில் இரண்டு கொள்கை வைத்திருந்தேன். லேபின் காரில் ஏறமாட்டேன். லேபின் சாப்பாட்டைத் தொடமாட்டேன். பஸ்ஸில் போய், என் டப்பாவைச் சாப்பிட்டு, பஸ்ஸிலேயே திரும்பி வருவேன்.

‘அக்கா’ என்ற சொல்

ஆகுர்டிக்கு என்னை வரவழைத்தது ஒரு புகார். குடிநீர்க் குழாய்களின் மூட்டில் போடுகிற ரப்பர் வளையங்கள் வெளிநாட்டுக்குப் போயிருந்தன. அந்த ரப்பரின் கடினம் அறுபதிலிருந்து எழுபதுக்குள் இருக்க வேண்டும். எழுபதைத் தாண்டினால் வளையம் விறைத்துப்போய் மூட்டில் சரியாக உட்காராது, தண்ணீர் கசியும். இங்கே கொடுத்த சான்றிதழில் எல்லாம் அறுபதுகளில் இருந்தது. அங்கே இறக்கினவர்கள் ஏதோ சந்தேகத்தில் ஒரு வளையத்தை எடுத்துச் சோதித்தால் எழுபத்திரண்டு வந்திருக்கிறது.

அப்படியானால் லேப் சோதிக்காமலே எழுதியிருக்க வேண்டும், அல்லது சோதித்துவிட்டு மாற்றி எழுதியிருக்க வேண்டும்.

லேபின் முதலாளியை எல்லோரும் ‘சாஹேப்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. நான் நாற்காலியில் உட்காரும் முன்பே, சோதனை செய்தது சுனந்தா, கையெழுத்துப் போட்டது சுனந்தா, அவள் பொய் எழுதியிருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவளை வைத்துக்கொண்டே சொன்னார். பொய் ரீடிங் எழுதினவள் என்று பெயர் வந்துவிட்டால் பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி என்று சுற்றுவட்டாரத்தில் எந்த லேபும் சேர்த்துக்கொள்ளாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“காட்டா ஜே தாக்கவ்தோ, தேச் லிஹிலே” என்றாள் சுனந்தா. முள் காட்டினதைத்தான் எழுதினேன். இதே வாக்கியத்தைப் பொய்யர்கள் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்!

அங்கே இன்னொரு ஆளும் இருந்தான். கார்த்திக். கோயம்புத்தூர்ப் பையன், இருபத்தாறு வயது, தரப் பிரிவு இன்ஜினியர். புனேக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஔந்தில் இரண்டு ஐ.டி. நண்பர்களோடு ரூம். என் பெயரைப் பார்த்ததும் தமிழா என்று கேட்டான். ஆமாம் என்றதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

“அக்கா, காப்பி குடிக்கறீங்களா? ஊர்ல இருந்து தூள் கொண்டாந்திருக்கேனுங்க.”

ஐம்பத்துநாலு வயதுக்காரியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆன்ட்டி என்பார்கள். இவன் அக்கா என்றான். என் பிள்ளைகளோ வீட்டில் பாதி மராத்தியில் பேசுகிறவர்கள். அழகான கொங்குத் தமிழைக் காதால் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! கொள்கையாவது மண்ணாவது, காப்பியை வாங்கிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ரப்பரா, வெங்காய விலையா?

பதிவேட்டில் அந்தச் சரக்குக்கு உரிய பக்கத்தைத் திறந்தேன். ஒரே வளையத்தில் ஐந்து இடத்தில் அழுத்தி எடுத்த எண்கள்: 62, 69, 63, 60, 62.

எனக்குச் சிரிப்பு வந்தது. கையடக்கக் கருவி ஒன்றை ரப்பர்மேல் வைத்து அழுத்தினால் முள் நகர்ந்து எண் காட்டும். ஒரே வளையத்தில் ஒன்று, இரண்டு வித்தியாசம் வரும், போனால் மூன்று. அறுபதிலிருந்து அறுபத்தொன்பதுவரை குதிப்பதற்கு இதென்ன ரப்பரா, மார்க்கெட்டில் வெங்காய விலையா? பொய் எழுதுகிறவர்கள்கூடக் கொஞ்சம் அக்கம்பக்கமாகத்தான் எழுதுவார்கள்.

அதுதான் என்னை யோசிக்கவைத்தது. இது பொய்யாக இருந்தால் ரொம்ப மட்டமான பொய். பதினோரு வருடம் முள்ளைப் பார்த்த கை இப்படி எழுதாது.

சரக்கு அனுப்பும்போது மாதிரிக்கு இரண்டு வளையங்களைப் பையில் போட்டு முத்திரை வைத்துப் பத்திரப்படுத்துவார்கள். அதை எடுத்துவரச் சொல்லி, என் கண்ணெதிரே சோதித்துக் காட்டச் சொன்னேன். சுனந்தா கருவியை முதலில் அளவுக் கட்டையில் வைத்துச் சரிபார்த்தாள். வளையத்தைத் துடைத்தாள். அழுத்தி, மூச்சை நிறுத்தி, முள் நிற்கும்வரை காத்திருந்தாள். உதடு முணுமுணுத்தது. எழுபத்திரண்டு. அடுத்த இடம் எழுபத்தொன்று.

இத்தனை ஒழுங்காகச் சோதிக்கிறவள் அன்றைக்கு ஏன் அறுபத்திரண்டு எழுதினாள்? கேட்டேன். தான் பதிவேட்டில் எழுதவே இல்லை என்றாள். ரீடிங் எடுத்ததும் துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுப்பாள். கார்த்திக் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். புகார் வந்த பிறகு, கம்ப்யூட்டரைப் பார்த்துப் பதிவேட்டைப் புதிதாக எழுதினார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். சீட்டுகள் எங்கே? சட்டப்படி துண்டுச் சீட்டே கூடாது என்பதால் கிழித்துப் போட்டுவிடச் சொல்லியிருந்தார்களாம். ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். மாதிரிப் பையில் வளையத்தோடு அந்தச் சீட்டையும் மடித்துப் போட்டுவிடுவாள்.

பையைக் கவிழ்த்தேன். சீட்டு விழுந்தது.

அதில் ஐந்து எண்கள், மராத்தி எழுத்தில். முள்ளைப் பார்த்து மராத்தியில் முணுமுணுக்கிறவள் மராத்தியில்தானே எழுதுவாள்? முன்பு இந்த வேலையைப் பார்த்த ஆளும் மராத்திக்காரர் என்பதால் பிரச்சினையே வந்ததில்லை.

கட்கியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதைப் படிக்க ஒரு நொடி போதும். ஆனால் அன்று நான் அதைப் புதிதாக வந்தவன் கண்ணால் பார்த்தேன். மராத்தி ஏழு இப்படி இருக்கும்: ७. தெரியாதவர்களுக்கு அது ஆறு. மராத்தி ஒன்று இப்படி: १. தெரியாதவர்களுக்கு அது ஒன்பது. இரண்டும் மூன்றும் சைபரும் நம் பள்ளிக்கூட எண்கள் மாதிரியேதான் இருக்கும். சுனந்தா எழுதியிருந்தது 72, 71, 73, 70, 72. தெரியாமல் படித்தால் 62, 69, 63, 60, 62.

அப்பாடா! எண்ணுக்கு எண் அச்சாகப் பொருந்தியது. முப்பது வருட வேலையில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் எப்போதும் வந்ததில்லை. யாரும் பொய் எழுதவில்லை. சரக்கு தேறவில்லை என்று சுனந்தா சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அது கம்ப்யூட்டருக்குப் போகும் வழியில் தேறிவிட்டது.

கார்த்திக்கைக் கூப்பிட்டுச் சீட்டைக் காட்டினேன். “மராத்தி நம்பர் படிக்கத் தெரியாம அடிச்சிட்ட இல்ல? ஊருக்குப் புதுசு, பாவம்” என்றேன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. தலையை ஆட்டினான். பயப்படாதே என்று முதுகில் வேறு தட்டிக்கொடுத்தேன்.

காரணமும் பரிகாரமும்

எங்கள் அறிக்கையில் இரண்டு கட்டம் உண்டு. ஒன்றில் தவறு நடந்த காரணத்தை நான் எழுதுவேன். இன்னொன்றில் அதற்கு என்ன பரிகாரம் செய்யப்போகிறோம் என்று லேப் எழுதும். ‘எண்களை வாசிக்கத் தெரியாமை’ என்று காரணம் எழுதினேன். ஏமாற்று வேலை அல்ல, கவனக்குறைவு. பதிவேட்டைப் புதிதாக எழுதியதற்கு ஒரு கண்டிப்பு. அங்கீகாரத்துக்கு ஆபத்தில்லை.

சாஹேப் எல்லோருக்கும் டீ சொன்னார். பிறகு பேனாவை எடுத்துத் தன் கட்டத்தை நிரப்பினார். இனி ஆங்கில எண்கள் மட்டுமே. விதிக்குப் புறம்பாக மராத்தி எண்களில் எழுதிய டெக்னீஷியன் நாளை முதல் வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.

எனக்குச் சுருக்கென்றது. பயிற்சி கொடுத்தால் போதுமே, ஆளை ஏன் அனுப்ப வேண்டும் என்றேன். வாங்குகிறவர்களுக்கு உறுதியான நடவடிக்கை காட்ட வேண்டும் மேடம், அது லேபின் உரிமை அல்லவா என்றார் மரியாதையாக. உரிமைதான். யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரை அனுப்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது.

சுனந்தா என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், சாஹேபைப் பார்க்கவில்லை. “நான் சரியா எழுதினேன் மேடம். அவருக்குப் படிக்கத் தெரியலைன்னா, அதுக்கு நான் எதுக்கு வீட்டுக்குப் போகணும்?”

நடைமுறை, விதி, முறையீடு என்று எதையோ உளறினேன். இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்று லேபுக்கு, ஒன்று என் பைக்கு. நாளைக்கு வேறு லேபில் அவளைப் பற்றிக் கேட்டால் நல்ல வார்த்தை சொல்லலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். என்ன பெரிய மனசு எனக்கு!

பஸ் நிறுத்தத்தில்

லேப் காரை வேண்டாம் என்றதும் கார்த்திக் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தான். அம்மா ஊருக்கே திரும்பி வந்துவிடு என்கிறார், இங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்கிக்கு வா, மீன் குழம்பு வைக்கிறேன் என்றேன். சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது.

“அக்கா, நூத்திப்பதினேழு வருதுங்க. கட்கி வழியாத்தான் போகும், ஏறிக்கங்க.”

அவன் சொன்னது சரிதான். காலை எடுத்து வைக்கப்போனவள் நின்றேன். புனே பஸ்ஸின் நெற்றியில் எண்ணும் ஊரும் மராத்தியில்தான் ஓடும். ஒன்று, ஒன்று, ஏழு. படிக்கத் தெரியாதவன் கண்ணுக்கு அது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு.

“மராத்தி நம்பர் எப்ப கத்துக்கிட்ட?”

“வந்த மொத வாரமேங்க அக்கா. இல்லாட்டி இந்த ஊர்ல எப்படிங்க பஸ் ஏறறது?”

பெருமையாகத்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், மணியை அடித்தார், பஸ் போய்விட்டது.

“அப்ப அறுபத்திரண்டுன்னு ஏன்டா அடிச்ச?”

குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

“சாஹேப்தாங்க அக்கா... பாக்கறதுக்கு எப்படி இருக்குதோ அப்படியே அடின்னாருங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா, ஊருக்குப் புதுசு, படிக்கத் தெரியலைன்னு சொல்லிக்கலாம்னாருங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்க.”

அடிப்பாவி! என்னைத்தான் சொல்லிக்கொள்கிறேன். பால்காரனிலிருந்து கல்யாணப் பத்திரிகைவரை சந்தேகப்பட்டவள், அந்தப் பையனை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே அவன் வாயில் ஊட்டிவிட்டிருக்கிறேன். அக்கா என்றான், காப்பி கொடுத்தான், உடனே நான் பேனாவை எடுத்து ‘தெரியாமை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எதிரே நின்றவள் முள் காட்டினதைத்தான் எழுதினேன் என்றபோது அவளைப் பொய்க்காரி வரிசையில் நிறுத்தினேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

மழையில் திரும்பி நடந்தேன். என்னிடம் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுகிறாயா என்று வழியிலேயே அவனிடம் கேட்டேன். வேலை போய்விடும் அக்கா என்றான். ஆமாம், போகும் என்றேன். மாடிப்படி ஏறும்வரை யோசித்தான். பிறகு எழுதினான்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த லேபின் அங்கீகாரம் நிறுத்தப்பட்டது. கார்த்திக் ஊருக்குப் போய்விட்டான். சுனந்தாவுக்கும் இரண்டு மாதம் வேலை இல்லை. ஆனால் பெயரில் கறை இல்லாததால் சிஞ்ச்வட்டில் இன்னொரு லேப் அவளைக் கூப்பிட்டுக்கொண்டது.

அன்று மாலை நான் உள்ளே நுழைந்தபோது அவள் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். சாஹேப் எழுந்து நின்றார். நான் அவரிடம் பேசவில்லை. அறிக்கையின் இரண்டு பிரதியையும் சுனந்தாவின் மேஜையில் விரித்தேன். எங்கள் தொழிலில் எழுதினதைத் திருத்த ஒரே முறைதான் உண்டு. வெள்ளை பூசக்கூடாது, கிறுக்கக்கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும். என்ன தப்பாக எழுதினோம் என்பது கோட்டுக்கு அடியில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்து.

‘எண்களை வாசிக்கத் தெரியாமை’ என்பதன்மேல் கோடு போட்டேன். சுனந்தா குனிந்து, அந்த ஆங்கில வரியை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். அப்புறம் நிமிர்ந்து, யாருக்குத்தான் மேடம் வாசிக்கத் தெரியவில்லை என்று மராத்தியில் கேட்டாள்.

“மலா” என்றேன். எனக்கு.